ஓடிபி கத்திய வாய்

பிப்ரவரி 3, வெள்ளி

இந்த டைரியைக் கொடுத்த கம்பெனியை இந்த டைரியிலேயே திட்டப் போகிறேன். புது வருசத்துக்கு எல்லோருக்கும் ஒன்று கொடுத்தார்கள். அட்டையில் தங்க எழுத்தில் மேகவர்ணா நிட்வேர் என்று போட்டிருக்கிறது. ஆறாவதோடு நின்றவளுக்கு டைரி எதற்கு என்று அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்குத்தான் உபயோகம் தெரிகிறது. வாய்விட்டுத் திட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. வீட்டுக்காரரோ, "ஏம்புள்ள, மூணு நாளா அதையே அரைக்கற, சோத்தப் போடு" என்கிறார். தாளில் திட்டினால் யாரும் சோறு கேட்கமாட்டார்கள்.

என் பெயர் பூவாத்தாள். வயது நாற்பத்தேழு. திருப்பூரில் அந்த ஆபீஸைப் பதினோரு வருசம் பெருக்கி, துடைத்து, டீ கொடுத்தேன். வேலையை விட்டு எடுத்ததைக்கூட மன்னித்துவிடுவேன். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து என் கட்டைப்பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். சோற்றுப் போசியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே கத்தரிக்காய் பொரியல் இருந்தது. அது மட்டும்தான் திருடிய மாதிரி முழித்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் சபாபதி சார், உங்களை நான் விடப்போவதில்லை.

பிப்ரவரி 4, சனி

காலையில் துவைக்கிற வேலை. கல்லில் அடிக்கும்போது ஒவ்வொரு துணிக்கும் அவர் பெயரை வைத்து அடித்தேன். வீட்டுக்காரர் சட்டையில் ரெண்டு பொத்தான் போய்விட்டது.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நாலு வருசத்துக்கு முன்னால் ஆபீஸில் எல்லாவற்றுக்கும் ஓடிபி வந்தது. கம்பெனி மெயிலுக்குள் போக வேண்டுமா, வெளிநாட்டுக்காரனுடைய டிசைனைத் திறக்க வேண்டுமா, ஒரு போனுக்கு ஆறு எண் வரும். அதை அடித்தால்தான் கம்ப்யூட்டர் உள்ளே விடும். கள்ளன் நுழையக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அந்தப் போன் மேனேஜர் கையில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். முதலாளி தண்டபாணி நல்ல மனுசர்தான், ஆனால் எந்நேரமும் மில்லில் இருப்பார், ஆபீஸுக்கு வாரம் ஒரு தரம் வந்தால் பெரிது.

ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது ஓடிபி வரும். சபாபதி சார் ரெண்டு நாள் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மூன்றாம் நாள் நான் டீ வைக்கப் போனபோது போனை என் தட்டிலேயே வைத்தார்.

"இந்தா பூவா, இத நீயே வச்சுக்க. யாரு கேட்டாலும் நம்பரப் பாத்துச் சொல்லிரு. எனக்கு இதே பொழப்பாப் போச்சு."

எனக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. எண் நன்றாக வரும். அன்றிலிருந்து டீ போடுகிற இடத்தில் அந்தப் போன் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஹாலின் அந்தக் கோடியிலிருந்து "அக்கோவ், ஓடிபி!" என்று ஒருத்தர் கத்துவார். நான் இந்தக் கோடியிலிருந்து, "ஏழு ரெண்டு ஒம்பது, சைபர் சைபர் நாலு! சீக்கிரம் அடி சாமி, அது ஆறிப்போயிரும்!" என்பேன். ஷிப்பிங்கில் இருக்கிற சுகந்திக்கு, "உனக்கு மூணு எட்டு வந்திருக்குது புள்ள, மாப்பிள்ளை குண்டாத்தான் அமைவான்" என்பேன். ஆபீஸே சிரிக்கும். முதலாளி வருகிற அன்றைக்கு மட்டும் போன் சார் மேசைக்குப் போய்விடும். அவர் கார் கிளம்பினதும் சர்க்கரை டப்பாவுக்கு வந்துவிடும்.

போன மாசம் இருபத்து நாலாம் தேதி எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் செத்தது. திரை முழுக்கச் சிவப்பு. ஆறு நாள் ஒரு டிசைனைக்கூடத் திறக்க முடியவில்லை. கோயமுத்தூரிலிருந்து வந்து பார்த்தவர்கள், யாரோ வெளியாளுக்கு ஒரு ஓடிபி போயிருக்கிறது என்றார்கள்.

முதலாளி ஹாலில் நின்று, "போன் யார் கையில இருந்துச்சு?" என்று கேட்டார்.

சபாபதி சார் கண் இமைக்கவில்லை. "என் டிராயர்லதானுங்க இருந்துச்சு. இவ எடுத்திருக்கா."

நாற்பது பேர் இருந்தார்கள். நாலு வருசம் என் வாயால் எண் கேட்டு வேலை பார்த்த நாற்பது பேர். எல்லோரும் கீபோர்டைப் பார்த்தார்கள். அதில் என்னவோ புதிதாக ஒரு எழுத்து முளைத்த மாதிரி பார்த்தார்கள்.

ஸ்டேஷனில் ரெண்டு பக்கம் நெருக்கி எழுதிய தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போட்டேன். படிக்கவில்லை. டிராயரிலிருந்து போனை எடுத்தது நானே என்று அதில் எழுதியிருந்ததாம். சுகந்திதான் பிறகு கேட்டுச் சொன்னாள்.

வெளியாள் யாருக்கும் ஒரு எண்ணும் நான் சொன்னதில்லை. மாரியம்மன் மேல் ஆணை.

(ஆணையை அடித்துவிட்டேன். சாமியை எதற்கு இதில் இழுக்க வேண்டும்.)

பிப்ரவரி 6, திங்கள்

புது வேலை கிடைத்தது. அவினாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரி, ரெண்டாவது மாடியில் துடைக்கிற வேலை. ஆள் சேர்க்கிற ஏஜென்சிக்காரர் ஒரு கண்டிசன் போட்டார்: இருபத்தெட்டாம் தேதிக்குள் போலீஸ் நற்சான்று கொண்டு வர வேண்டும். "மேல ஒண்ணும் கேஸ் இல்லீங்களே?" என்றார். "நான் வாயாடுறதுக்குக் கேஸ் போட்டா உண்டுங்க" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்துதான் யோசித்தேன். ஸ்டேஷனில் நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் இருக்கிறவரை நற்சான்று ஏது? முதலாளி கொடுத்த புகாரை அவரே திரும்ப வாங்கினால்தான் உண்டு. அதற்குச் சபாபதி உண்மையைச் சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

பிப்ரவரி 8, புதன்

நீல உடுப்பு, தலைக்குக் குல்லா, வாய்க்கு முகமூடி. கண் மட்டும்தான் வெளியே. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "வாய மூடி வச்சு உன்னையப் பாத்ததே இல்ல" என்றார். அவருக்கு ராத்திரி உப்பில்லாத குழம்பு.

பிப்ரவரி 9, வியாழன்

சுகந்தி போன் பண்ணினாள். சபாபதி சார் இப்போது பாதுகாப்பில் புலியாம். கடவுச்சொல் பதினாலு எழுத்து இருக்க வேண்டும், வாரம் ஒரு தரம் மாற்ற வேண்டும், பென்டிரைவ் கூடாது. முதலாளி அவர் முதுகில் தட்டிக் கொடுத்தாராம்.

"பதினாலு எழுத்த எப்படிப் புள்ள ஞாபகம் வச்சுக்கறீங்க?"

"எங்கீங்க்கா வச்சுக்கறது. காலண்டருக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்கோம். பென்டிரைவ் இல்லாததால எல்லாரும் சொந்த வாட்ஸ்அப்புல டிசைன அனுப்பிக்கறோம்."

"ஓடிபி போனு?"

"சாரே வச்சிருக்காரு. அவரு ரூம் வாசல்ல ரேசன் கடை மாதிரி நிக்கறோம். கத்திக் கத்தித் தொண்ட கட்டிருச்சுங்க்கா அவருக்கு."

நன்றாகக் கட்டட்டும். மிளகுக் கசாயம்கூட இறங்காத அளவுக்குக் கட்டட்டும்.

சிரிப்பு முடிந்ததும் கேட்டேன்: "போன அவருதான் எனக்குக் குடுத்தாருன்னு முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லு சுகந்தி."

"எனக்கு அடுத்த மாசம் நிச்சயதார்த்தம்க்கா. இந்த நேரத்துல வேலை போச்சுன்னா..." என்றாள்.

"சரி சாமி. நல்லா இரு" என்று வைத்துவிட்டேன். அவள் மேல் கோபம் இல்லை. அவளுக்குப் போடவேண்டிய கோபத்தையும் சேர்த்துச் சபாபதி பேரிலேயே எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 13, திங்கள்

இந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் ஒரு முசுடு. மூணு நிமிசம் யாரும் தொடவில்லை என்றால் மூடிக்கொள்ளும். திறக்க மறுபடி நீளமாக அடிக்க வேண்டும். ஊசி போட ஓடுவதா, எழுத்து அடிப்பதா என்று ரெஜினா சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். முதல் நாளே என்னிடம் வந்தார்.

"அக்கா, தொடைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போறப்பெல்லாம் மவுச லேசா ஆட்டிட்டுப் போயிருங்க. அது தூங்காம இருக்கும்."

ஆக, அஞ்சு நாளாக எலியை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். கம்பெனியில் வாயால் செய்ததை இங்கே கையால் செய்கிறேன். எங்கே போனாலும் பூட்டுப் போடுகிறவர்கள் பெரிய ஆட்களாக இருக்கிறார்கள். பூட்டு இடைஞ்சலாக இருந்தால் துடைப்பக்காரியிடம் சாவியைக் கொடுக்கிறார்கள். தொலைந்தால் துடைப்பக்காரி.

பிப்ரவரி 15, புதன்

மாட்டிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு எஸ்தர் மேடம். தூத்துக்குடிக்காரர், முப்பத்தைந்து வயசு இருக்கும், குட்டையாக, கண்ணாடி போட்டு, பார்த்தால் கணக்கு டீச்சர் மாதிரி இருப்பார். நான் மவுஸை ஆட்டும்போது பின்னால் நின்றார்.

"எக்கா, என்ன செய்தீய?"

"தூசி தொடைக்கறனுங்க."

"ஒரே தூசிய காலையில இருந்து பதினெட்டு தடவ தொடைச்சிருக்கீய."

அவ்வளவுதான், இந்த வேலையும் போயிற்று என்று நினைத்தேன். யார் சொல்லிச் செய்தேன் என்று கேட்டால் என்ன சொல்வது? ரெஜினா சிஸ்டர் மாத்திரைத் தட்டோடு அப்படியே நின்றார். கீபோர்டைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. "நான்தான் மேடம் சொன்னேன். அக்கா மேல தப்பில்ல" என்றார்.

எனக்கு அழுகையில் உதடு கோணிவிட்டது. முகமூடி நல்ல கண்டுபிடிப்பு.

எஸ்தர் மேடம் கத்தவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்து, சிஸ்டர் எத்தனை தரம் ஓடுகிறார், எத்தனை தரம் எழுத்து அடிக்கிறார் என்று ஒரு தாளில் கோடு போட்டார்.

பிப்ரவரி 17, வெள்ளி

இன்று நர்ஸ்கள் கழுத்தில் எல்லாம் ஒரு அட்டை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் காட்டினால் திறக்கிறது, ஒரு எழுத்தும் அடிக்க வேண்டாம். வார்டுக்குள் பத்து நிமிசம் விழித்திருக்கும். கீழே வரவேற்பில், ஊர் உலகமெல்லாம் நிற்கிற இடத்தில், ஒரே நிமிசத்தில் மூடிக்கொள்ளும்.

"எல்லாத்துக்கும் ஒரே பூட்டு போட்டது என் தப்புக்கா" என்றார் எஸ்தர் மேடம். "வேலை செய்ய விடாத பூட்டுன்னா ஆளுங்க கதவையே கழத்தி வச்சிருவாங்க."

மேலாளர் ஒருவர் "என் தப்பு" என்று சொல்வதை என் ஆயுசில் முதல் தரம் கேட்டேன். அதனால் தைரியம் வந்து ஒன்று கேட்டேன். என் சொந்தக்காரி ஒருத்தி, போனில் கேட்ட வெளியாள் எவனுக்கோ தெரியாமல் ஓடிபி சொல்லிவிட்டாள் என்றால் யார் தப்பு என்று.

"அவங்க தப்பும் கொஞ்சம் உண்டுக்கா. ஆனா அந்தப் போன அவங்க கையில குடுத்தாம் பாருங்க, பெரிய தப்பு அவம் மேல."

கொஞ்சம் என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய தப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். கோழி எடுத்தோம். கோழியை வெட்டும்போது யாரை நினைத்தேன் என்று எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 21, செவ்வாய்

மாரியம்மனுக்குக் கண் இருக்கிறது!

காலையில் 214ஆம் ரூமைத் துடைக்கப் போனேன். கட்டிலில் சபாபதி சார். கிட்னியில் கல். ஆஸ்பத்திரி உடுப்பில், பின்பக்கம் நாடா அவிழ்ந்து, "அம்மா அம்மா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோசத்தில் தரையைக் கண்ணாடி மாதிரி துடைத்துவிட்டேன்.

"ஏம்மா, சத்தம் போடாமத் தொடைக்க மாட்டியா?" என்றார்.

என்னைத் தெரியவில்லை! குல்லாவும் முகமூடியும்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். கண் வெளியேதானே இருக்கிறது? பதினோரு வருசம் டீ வாங்கியவர், டம்ளரைத்தான் பார்த்திருக்கிறார்.

மத்தியானம் ரெஜினா சிஸ்டர் மணிச் சத்தம் கேட்டு ஓடினார். கம்ப்யூட்டர் திறந்தபடி இருந்தது. அதில் சபாபதி சார் பெயர், வயசு, படம், கீழே இங்கிலீஷில் நிறைய. என்னிடம் போன் இருந்தது. ஒரு படம் எடுத்துச் சுகந்திக்கு அனுப்பினால் போதும், ராத்திரிக்குள் மேகவர்ணா முழுக்க அவர் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் தெரிந்துவிடும். போனைக் கையில் எடுத்தும்விட்டேன்.

படம் எடுக்கவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். படம் எடுத்தால் நான் நிஜமாகவே திருடி ஆகிவிடுவேன். அவர் சொன்ன பொய்யை நானே உண்மையாக்கித் தருவேனா? அந்த ஆளுக்கு அவ்வளவு உபகாரம் செய்ய மாட்டேன். கழுத்தட்டை இல்லாததால் என்னால் மூட முடியவில்லை. "சிஸ்டர், கதவு திறந்து கெடக்குது!" என்று கத்தினேன். வந்து மூடினார்.

பிப்ரவரி 22, புதன்

அவர் தலையணைக்குப் பக்கத்தில் ரெண்டு போன். ஒன்று சொந்தப் போன். இன்னொன்றின் மூலையில் உடைந்த கண்ணாடி, பின்னால் சர்க்கரைப் பாகு ஒட்டிய கறை. நாலு வருசம் என்னோடு குடித்தனம் நடத்திய போன்! யாரையும் நம்பாமல் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் ஆபீஸிலிருந்து கூப்பிடுகிறார்கள். வலியில் நெளிந்துகொண்டே, "மூணு... அய்யோ... ஒண்ணு, ஆறு... யம்மா..." என்கிறார். கேட்க அவ்வளவு இனிமை.

நாளில் பாதி அவருக்கு வலி, பாதி ஓடிபி. இந்த ஆளை எனக்குத் தெரியும். ரெண்டு நாளுக்கு மேல் தாங்க மாட்டார்.

எஸ்தர் மேடத்திடம் போனேன். "நோயாளி அவராப் போனக் கையில குடுத்தா வாங்கலாமுங்களா?"

"வாங்காதீய. ரொம்ப முடியலன்னு கேட்டா சிஸ்டர கூப்பிட்டு வச்சு, பொருள் நோட்டுல எழுதி, அவங்க கையெழுத்து வாங்கிட்டு வாங்குங்க. உங்களுக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது."

எனக்கு எவ்வளவு நல்லது என்று அவருக்குத் தெரியாது.

சுகந்தியைக் கூப்பிட்டேன். முதலாளி நாளைக்கு நாலு மணிக்குப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறாராம்.

பிப்ரவரி 23, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதியே தீர்வேன்.

மூன்று மணி முதல் 214 வாசலையே துடைத்தேன். அந்த இடத்தில் டைல்ஸ் தேய்ந்திருக்கும். மூன்றரைக்கு அவர் சம்சாரம் சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போனது. மூணே முக்காலுக்குப் போன் நாலாவது தரம் அடித்தது. உள்ளே இருந்து சத்தம்:

"ஏய், யாரும்மா அங்க? இங்க வா."

போனேன்.

"இத வச்சுக்க. ஆபீஸ்ல இருந்து கூப்புடுவாங்க. ஆறு நம்பர் வரும். பாத்துச் சொல்லிரு. என்னால முடியல."

நாலு வருசத்துக்கு முன்னால் சொன்ன அதே பேச்சு. அப்போது தட்டில் வைத்தார், இப்போது வாளிக்கு மேலே நீட்டுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

"சிஸ்டர்!" என்று கூப்பிட்டேன். ரெஜினா சிஸ்டர் நோட்டோடு வந்தார். நானே எழுதினேன், மெதுவாக, கூட்டெழுத்து இல்லாமல்: செல்போன் ஒன்று. 214 நோயாளி சபாபதி தானே தன் கையால் பூவாத்தாளிடம் கொடுத்தார். மணி 3.50.

"கையெழுத்துப் போடுங்க சார். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"எல்லாத்துக்கும் ஒரு நோட்டு! உயிர எடுக்கறீங்க" என்று பேனாவைப் பிடுங்கி, படிக்காமல் கிறுக்கினார். படிக்காமல் கையெழுத்துப் போடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் படிக்கச் சொன்னேன். என் பேரில் குறை இருக்கக் கூடாது.

நாலு மணிக்கு முதலாளி ஆப்பிளும் மாதுளையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "எப்படி இருக்கீங்க சபாபதி, நீங்க இல்லாம ஆபீஸே ஓடல" என்றார். நான் ஜன்னல் துடைத்தேன். போன் என் பையில். அடிக்கவே இல்லை. சனியன், வேண்டாதபோது அடிக்கும்.

ஒரு மாதுளையை உரிக்கிற நேரம் ஆயிற்று. அடித்தது.

எடுத்தேன். அந்தப் பக்கம் ஷிப்பிங், "சார், ஓடிபி" என்றது. செய்தி வந்தது. நான் என் பழைய குரலில், ஹாலின் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்: "அஞ்சு மூணு மூணு, எட்டு சைபர் ஒண்ணு! சீக்கிரம் அடி சாமி!"

அந்தப் பக்கம், "பூவாக்கா?" என்றது.

முதலாளி எழுந்துவிட்டார். "ஏம்மா, அது எங்க கம்பெனி போனு. உன் கையில எப்படி?"

சபாபதி சார் என்னைப் பார்க்கக்கூட இல்லை. யோசிக்கவும் இல்லை. எச்சில் விழுங்குகிற மாதிரி, தானாக வந்தது:

"டிராயர்லதானுங்க வச்சிருந்தேன். இவ எடுத்திருக்கா."

நான் முகமூடியைக் கீழே இழுத்தேன். குல்லாவையும் எடுத்தேன்.

"எந்த டிராயருங்க சார்? இந்த ஊருல நீங்க படுக்கற கட்டிலுக்கெல்லாம் டிராயர் இருக்குதுங்களா?"

வலி வந்தபோதுகூட அவர் முகம் அப்படிப் போகவில்லை. ரெஜினா சிஸ்டர் நோட்டை விரித்து முதலாளி கையில் கொடுத்தார். "அவர்தான் சார் குடுத்தார். நான் பக்கத்துலயே நின்னேன். இதோ அவர் கையெழுத்து."

முதலாளி படித்தார். மறுபடி படித்தார். என் எழுத்து அவ்வளவு மோசமா என்று பயந்துவிட்டேன்.

"அன்னைக்கும் இப்படித்தானா சபாபதி?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாடா அவிழ்ந்திருந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 24, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். வீட்டுக்காரருக்கு உப்புப் போட்ட குழம்பு.

எஸ்தர் மேடம் கூப்பிட்டு, "எக்கா, நான் சொன்ன விதிய வச்சு ஒரு ஆளப் புடிச்சிருக்கீய" என்றார். திட்டா பாராட்டா என்று தெரியவில்லை. "விதிய அப்படியே கடைப்பிடிச்சது நான் ஒருத்திதானுங்க இந்த ஆஸ்பத்திரியில" என்றேன்.

முதலாளி போன் பண்ணினார். திங்கட்கிழமை காலை ஆபீஸுக்கு வர வேண்டும். எல்லோர் முன்னாலும் சபாபதி சொல்ல வேண்டியதைச் சொல்வாராம், பிறகு முதலாளியே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்குவாராம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட வேண்டும்.

பிப்ரவரி 27, திங்கள்

நாற்பது பேரும் இருந்தார்கள். பட்டுப்புடவையில் என்னைப் பார்த்துச் சுகந்தி அழுதாள். "அழாத புள்ள, கல்யாணத்துக்குக் கண்ணீர் மிச்சம் வை" என்றேன்.

சபாபதி சார் இளைத்திருந்தார். தரையைப் பார்த்துச் சொன்னார்: "போன நான்தான் பூவாத்தாகிட்டக் குடுத்தேன். நாலு வருசமா அவகிட்டத்தான் இருந்துச்சு. டிராயர்ல இருந்து எடுத்தான்னு சொன்னது பொய்."

"சத்தமாச் சொல்லுங்க சார்" என்றேன். "அந்தக் கோடிக்குக் கேக்கல."

மறுபடி சொன்னார். இந்த ஒரு மாசமாக நான் கேட்டதில் இதுவே நல்ல பாட்டு. இன்னொரு தரம் கேட்கலாமா என்றுகூட இருந்தது.

முதலாளி, புகாரைத் திரும்ப வாங்க எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார். ஸ்டேஷனுக்குக் கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். நின்றார்.

"அது சரி. போன் குடுத்தது இவரு. அன்னைக்கு அந்த வெளியாளுக்கு நம்பரச் சொன்னது யாரு?"

சபாபதி சார் முதல் தரமாகத் தலையைத் தூக்கி என் கண்ணைப் பார்த்தார். அவர் உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பூவா, இப்போது உன் முறை, நீயும் என்னை மாதிரித்தான் சொல்வாய் என்கிற சிரிப்பு.

தெரியாதுங்க என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிய வழியில்லை. இந்த டைரிக்கே நான் சொல்லவில்லையே. ஆனால் அந்தச் சிரிப்பை அவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அந்த ஹாலில் பொய் சொன்ன ஆள் அவர் ஒருத்தர் மட்டும்தான் என்று ஆக வேண்டும். அதில் பங்குக்கு நான் போக மாட்டேன்.

"நான்தானுங்க" என்றேன்.

அவர் சிரிப்பு அங்கேயே செத்தது. பார்த்துவிட்டேன். அது போதும்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "ஏம்மா சொன்னீங்க? யாருன்னே தெரியாத ஆளுக்கு?"

"போன்ல வந்தானுங்க. பூவாக்கான்னு கூப்பிட்டான். சார் சொல்லச் சொன்னாங்கன்னான். நான் சொன்னனுங்க. ஒரு நாளைக்கு அம்பது தரம் சொல்றேன், அம்பத்தி ஒண்ணாவதா அவனுக்கும் சொன்னேன்."

"ஒரு சந்தேகமும் வரலியா?"

"வந்துச்சுங்க. போன வெச்சதுக்கு அப்பறம் வந்துச்சு."

"என்னன்னு?"

நாற்பது பேரையும் ஒரு தரம் பார்த்தேன். யாரும் கீபோர்டைப் பார்க்கவில்லை.

"நம்பரச் சொன்னதும், 'ரொம்ப நன்றிங்க அக்கா'ன்னானுங்க. இந்த ஆபீஸ்ல நாலு வருசமா ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல. அப்பத்தான் நெனச்சேன், இவன் நம்ம ஆளு இல்லியேன்னு."